தவணையில் வாங்கிய பழைய கார்: பழுதுக்குப் பொறுப்பாளி யார்?

பழைய காரைக் கடனில் வாங்குபவர் ஒரே மேசையில் அமர்ந்து இரண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திடுகிறார். ஒன்று கன்சல்டிங்காரரிடமிருந்து, அதாவது பழைய கார் வியாபாரியிடமிருந்து, காரை வாங்கும் ஒப்பந்தம், மற்றொன்று வங்கியிடமோ ஃபைனான்ஸ் நிறுவனத்திடமோ பணம் பெறும் ஒப்பந்தம். தாள்கள் இரண்டும் ஒரே கோப்பிலிருந்து வருகின்றன. நிரப்புபவரும் பெரும்பாலும் ஒருவரே. கையெழுத்திடுபவருக்கு அது ஒரே காரியம், அதாவது கார் வாங்குவது. மூன்றாம் மாதம் இன்ஜின் சூடேறி வண்டி நடுவழியில் நிற்கும்போதுதான் அவை இரண்டு என்பது அவருக்குத் தெரிகிறது. விற்றவர், ஃபைனான்ஸ்காரரைக் கேளுங்கள் என்கிறார். ஃபைனான்ஸ்காரர், வண்டியைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது, டியூவை மட்டும் தேதி தவறாமல் கட்டுங்கள் என்கிறார்.

இச்சொற்பொழிவின் மையக் கருத்து ஒன்றுதான். இந்தியாவில் பழைய காரின் பழுதுக்கு உரிமை கோருவது கடினமாக இருப்பதற்குக் காரணம் நுகர்வோர் சட்டம் பலவீனமாக இருப்பதல்ல. விற்பனையையும் கடனையும் சட்டம் தனித்தனியாக வைத்துப் பார்ப்பதே காரணம். இங்கிலாந்தில் அவற்றை இணைத்தார்கள். இந்தியாவில் இணைக்க எழுதிய சட்டம் ஒருநாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. இந்த வேறுபாட்டை முதலில் விளக்கி, பிறகு இன்றைய சட்டத்துக்குள் வாங்கியவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை இவ்வுரை எடுத்துக்கொள்கிறது.

1. கணக்கு

சட்டத்துக்கு முன் கணக்கைப் பார்ப்பது நல்லது. ஓர் எடுத்துக்காட்டு: காரின் விலை 4,50,000 ரூபாய். கையிலிருந்து 1,00,000 ரூபாய். மீதி 3,50,000 ரூபாய் நான்கு ஆண்டுக் கடன், ‘8 சதவீத பிளாட் வட்டி’. பிளாட் வட்டி என்றால் அசல் குறையக் குறைய வட்டி குறையாது. முதல் நாளின் முழுத்தொகைக்கே நான்கு ஆண்டும் வட்டி. ஆண்டுக்கு 28,000 வீதம் 1,12,000 ரூபாய் வட்டி சேர, மாதத் தவணை 9,625 ரூபாய் ஆகிறது. இதைக் குறையும் அசல் முறையில் கணக்கிட்டால் வட்டி ஏறக்குறைய 14.4 சதவீதம்.

மூன்று தவணை கட்டியபின் வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அதுவரை கட்டியது 28,875 ரூபாய். அசலில் குறைந்தது சுமார் 16,500 ரூபாய் மட்டுமே. ஏறத்தாழ 3,33,500 ரூபாய் பாக்கி நிற்கிறது. வண்டியின் சந்தை மதிப்போ, இன்ஜின் வேலை இருக்கிறது என்று தெரிந்த அந்த நிமிடமே பாக்கிக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். ரொக்கத்துக்கு வாங்கியவருக்கு நஷ்டத்தோடு முடிகிறது. தவணைக்கு வாங்கியவருக்கு நஷ்டத்தோடு கடனும் தொடர்கிறது. அதனால்தான் அவருடைய உரிமையைத் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, அந்த ஆண்டு அக்டோபர் முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் சதவீதம் அதில் இருக்கும். பிளாட் வட்டியின் மறைப்பு அந்த ஒரு தாளில் கலைந்துவிடும். கையெழுத்துக்கு முன் அதைக் கேட்டு வாங்குபவர் குறைவு என்பதுதான் வருத்தம்.

2. இங்கிலாந்தில் முடிச்சு விழுந்த கதை

இந்தியச் சட்டத்தின் பெரும்பகுதி இங்கிலாந்திலிருந்து வந்தது என்பதால், அங்கே இச்சிக்கல் எப்படித் தீர்ந்தது என்பது நமக்கும் தேவைப்படுகிறது. அங்கே கார்கள் பரவலாக விற்கப்பட்டது தவணைக் கொள்முதல் முறையில். டீலர் காரை ஃபைனான்ஸ் நிறுவனத்துக்கு விற்றுவிடுவார். நிறுவனம் அதை வாடிக்கையாளருக்கு வாடகைக்கு விட்டு, கடைசித் தவணையோடு உரிமையை மாற்றித் தரும். சட்டப்படி பார்த்தால் வாடிக்கையாளருக்கும் டீலருக்கும் இடையே விற்பனை ஒப்பந்தமே கிடையாது. காரைக் கண்ணால்கூடப் பார்த்திராத நிறுவனமே அவருக்குக் காரைத் தருகிறது.

1956இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த கார்சேல்ஸ் எதிர் வாலிஸ் வழக்கு இந்த ஏற்பாட்டின் அபத்தத்தை அப்படியே காட்டுகிறது. ஒருவர் பழைய பியூக் கார் ஒன்றைப் பார்த்து, நல்ல நிலையில் இருப்பதாக மனநிறைவு கொண்டு, தவணைக்கு எடுக்கச் சம்மதித்தார். சில நாள் கழித்து அதே கார் இரவில் கயிறு கட்டி இழுத்துவரப்பட்டு அவருடைய இடத்துக்கு வெளியே விடப்பட்டது. நல்ல டயர்கள் கழற்றப்பட்டுப் பழையவை மாட்டப்பட்டிருந்தன. சிலிண்டர் ஹெட் கழன்று கிடந்தது, வால்வுகள் எரிந்திருந்தன, பிஸ்டன்கள் உடைந்திருந்தன. ஆனால் ஒப்பந்தத்திலோ, வண்டியின் நிலைக்கோ தகுதிக்கோ எந்த உத்தரவாதமும் இல்லை என்று ஒரு பிரிவு இருந்தது. தவணையைக் கேட்டு வழக்குப் போட்டவர்கள் அந்தப் பிரிவையே கேடயமாக நீட்டினார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஓடவே முடியாத ஒன்றைக் கொடுத்துவிட்டு விலக்குப் பிரிவுக்குப் பின்னால் ஒளிய முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அதே காலத்து ஆண்ட்ரூஸ் எதிர் ஹாப்கின்சன் வழக்கில், ஒப்படைத்த சுமார் ஒரு வாரத்தில் பழைய காரின் ஸ்டீயரிங் செயலிழந்து விபத்து நேர்ந்தது. விற்பனை ஒப்பந்தம் ஃபைனான்ஸ் நிறுவனத்தோடுதான் என்றாலும், நல்ல வண்டி என்று டீலர் வாயால் சொன்ன சொல்லே துணை உத்தரவாதமாகி அவரைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பானது.

நீதிமன்றங்கள் இப்படி வழக்குக்கு வழக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தன. ஆனால் 1960களின் இறுதியில் பிரான்ஒயிட் வழக்கில் பிரபுக்கள் சபை, டீலர் பொதுவாக ஃபைனான்ஸ் நிறுவனத்தின் முகவர் அல்ல என்று சொல்லி, ஒட்டின் எல்லையைக் காட்டியது. இனி நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும் என்ற நிலை. 1971இல் நுகர்வோர் கடனை ஆராய்ந்த கிரௌதர் குழு அறிக்கை தந்தது. 1974இல் நுகர்வோர் கடன் சட்டம் வந்தது. அதன் 56ஆம் பிரிவின்படி, டீலர் பேசும் பேச்சு கடன் கொடுப்பவரின் சார்பில் பேசியதாகவே கொள்ளப்படும். 75ஆம் பிரிவின்படி, விற்பனையாளரோடு ஏற்பாடு செய்துகொண்டு கடன் கொடுத்தவர், விற்பனையாளரின் ஒப்பந்த மீறலுக்கும் பொய்க்கும் அவரோடு சேர்ந்தே பொறுப்பு. பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000 பவுண்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இதை இன்னும் தெளிவாக்கியது. தவணைக் கொள்முதலில் ஃபைனான்ஸ் நிறுவனமே வணிகர் என்ற இடத்தில் நிற்கிறது. பொருள் போதிய தரத்தில் இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பித் தந்து பணம் கேட்கலாம். அதற்குப் பின் பழுதுபார்க்க ஒரு வாய்ப்புத் தர வேண்டும். அது பலிக்காவிட்டால் விலைக் குறைப்போ இறுதியாகத் திருப்பித் தருவதோ உண்டு. ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை ஒப்படைப்பின்போதே இருந்ததாகக் கருதப்படும்; இல்லை என்று காட்ட வேண்டியவர் வணிகர். பயன்படுத்திய அளவுக்குத் தொகையில் கழிவு உண்டு, மோட்டார் வாகனத்துக்கு மட்டும் முதல் ஆறு மாதத்திலும் அந்தக் கழிவு அனுமதிக்கப்படுகிறது. 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, தவணைத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு கட்டியாகிவிட்டால் நீதிமன்ற ஆணை இல்லாமல் காரை எடுத்துப்போக முடியாது.

அமெரிக்கா வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. அங்கே கூட்டாட்சி வணிக ஆணையம் 1975இல் கொண்டுவந்த விதிப்படி, நுகர்வோர் கடன் பத்திரம் யார் கைக்கு மாறினாலும், விற்பனையாளர்மீது வாங்கியவருக்குள்ள எதிர்வாதங்கள் அத்தோடு தொடரும். திரும்பக் கிடைக்கும் தொகை மட்டும் அவர் கட்டிய அளவுக்கு உட்பட்டது.

3. இந்தியாவில் முடிச்சு அவிழ்ந்த கதை

தவணைக் கொள்முதல் இந்தியாவில் வேரூன்றியதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1954இல் இங்கே தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ், லாரிகளையும் பேருந்துகளையும் தவணைக்குக் கொடுத்து வளர்ந்தது. பழைய லாரி வாங்குவோருக்குக் கடன் தருவதையே தொழிலாக்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் 1979இல் இங்கேதான் பிறந்தது. இத்துறையின் சட்ட வரலாறும் இந்நகரத்தைத் தொட்டே போகிறது. சுந்தரம் ஃபைனான்ஸ் எதிர் கேரள அரசு வழக்கில், 1966இல் உச்ச நீதிமன்றம், வண்டியைத் தேர்ந்தெடுத்து வாங்குபவர் வாடிக்கையாளர், நிறுவனம் பணம் மட்டுமே கொடுக்கிறது, தாளில் தவணைக் கொள்முதல் என்றிருந்தாலும் சாரத்தில் அது வண்டியைப் பிணையாக வைத்த கடன் என்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. வழக்கு விற்பனை வரி பற்றியது. பழுதான வண்டி பற்றியதல்ல. ஆயினும் அதன் தர்க்கம் வரியோடு நிற்கவில்லை. விற்பவர் அல்ல, கடன் கொடுப்பவர் மட்டுமே என்று ஆனபின், வரிப்பொறுப்பு போனதோடு பண்டத்தின் தரத்துக்கான பொறுப்பும் கூடவே போய்விட்டது.

இதற்கு மாற்றாக இருந்திருக்கக்கூடியது 1972ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டம். தவணைக்குத் தரப்படும் பண்டத்தின் உரிமைக்கும் தரத்துக்கும் உரிமையாளரான நிதி நிறுவனமே உட்கிடையாகப் பொறுப்பேற்கும் வகையில் நிபந்தனைகள் அதில் எழுதப்பட்டிருந்தன. பெரும்பகுதித் தொகை கட்டியவரின் வண்டியை நீதிமன்றம் வழியாகவே எடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் இருந்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அச்சட்டம் முப்பது ஆண்டுக்கு மேல் நடைமுறைக்கு வராமலேயே கிடந்து, 2005இல் நீக்கப்பட்டது. இதற்கிடையில் 1982இல் வந்த 46ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தவணைக் கொள்முதலையும் விற்பனை வரிக்குள் கொண்டுவந்தது. தொழில் மெல்ல மெல்ல வண்டியைப் பிணையாக வைக்கும் ஹைப்பாதிகேஷன் கடனுக்கு நகர இதுவும் ஒரு காரணம். இன்று ஆர்.சி.யில் வாங்கியவர் பெயர் உரிமையாளராகவும், நிறுவனத்தின் பெயர் எச்.பி. பதிவாகவும் இருக்கிறது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பிரிவினையை எழுத்திலேயே உறுதிசெய்துவிட்டது. குறையுள்ள பண்டம் தீங்கு விளைவித்தால் விற்பனையாளரைப் பொறுப்பாக்கும் புதிய அத்தியாயம் அதில் வந்தது வரவேற்கத்தக்கது. ஆனால் பண்ட விற்பனையாளர் யார் என்று சொல்லும் 2(37)ஆம் பிரிவு, விற்பனையில் நிதி தரும் பங்கை மட்டும் வகிப்பவர் விற்பனையாளர் ஆகமாட்டார் என்று விலக்கு தருகிறது. இங்கிலாந்தின் 75ஆம் பிரிவுக்கு நேர் எதிர்த்திசை இது. சட்டம் எழுதியவர்கள் இதை யோசித்தே செய்திருக்க வேண்டும். யோசித்துச் செய்தார்கள் என்பதால் சரியாகிவிடாது.

எனவே இன்றைய நிலை இது: பழுதுக்கு விற்றவர் மட்டுமே பொறுப்பு. கடன் கொடுத்தவர் தம்முடைய சேவைக் குறைகளுக்கு மட்டும் பொறுப்பு. சொன்ன தொகையைத் தராதது, கடன் முடிந்தும் என்.ஓ.சி. தராதது, அறிவிப்பின்றி வண்டியை எடுத்தது போன்றவை அவை.

4. பழைய காரில் எது பழுது?

தேய்ந்த பிரேக் பேட், வெளிறிய பெயின்ட், முனகும் சஸ்பென்ஷன் ஆகியவை வயதின் இயல்பு, குறை அல்ல. 1930ஆம் ஆண்டின் பண்ட விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்ற பொதுவிதியோடு தொடங்கி இரண்டு பெரிய விதிவிலக்குகளைத் தருகிறது. தேவையைச் சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால் பண்டம் அத்தேவைக்குப் பொருந்த வேண்டும். அத்தகைய பண்டத்தைத் தொழிலாக விற்பவரிடம் வாங்கினால் அது விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும். ஆனால் வாங்குபவர் பார்வையிட்டிருந்தால், பார்வையிட்டபோது தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அவர் பின்னால் வர முடியாது.

தரம் என்பதற்கு அளவுகோல் எது? 1965இல் இங்கிலாந்தில் தீர்ந்த பார்ட்லெட் வழக்கு இங்கும் வெளிச்சம் தருகிறது. கிளட்ச் கோளாறோடு விற்கப்பட்ட பழைய ஜாகுவார் காரை வாங்கியவர் தோற்றார். கோளாறு உண்டு என்று முன்பே சொல்லப்பட்டு, அதற்காக விலையும் குறைக்கப்பட்டிருந்தது. எதிர்பார்த்ததைவிடச் செலவு கூடியது மட்டுமே அவர் குறை. பழைய கார் முழுமையாக இருக்க வேண்டியதில்லை, சாலையில் பாதுகாப்பாக ஓடத் தக்கதாக இருந்தால் போதும் என்பது அதிலிருந்து வரும் அளவு. விலை, வயது, ஓடிய தூரம், விற்றவர் சொன்ன சொல் நான்கையும் சேர்த்துத்தான் குறையை நிறுக்க வேண்டும். ஒரு லட்சத்துக்கு வாங்கிய பதினைந்து ஆண்டுக் காரின் கியர்பாக்ஸுக்கும், ஆறு லட்சத்துக்கு ‘சிங்கிள் ஓனர், சர்வீஸ் ரெக்கார்டு உண்டு’ என்று விற்ற ஐந்தாண்டுக் காரின் கியர்பாக்ஸுக்கும் ஒரே நீதி இல்லை.

குறையைக் காட்டிலும் வலுவான பிடி பொய்யில் இருக்கிறது. மீட்டரைத் திருப்பிக் கிலோமீட்டரைக் குறைத்தல், விபத்தில் சேசிஸ் வளைந்ததை மறைத்தல், வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் துடைத்து மெருகேற்றி நிறுத்துதல் ஆகியவை நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற வகையில் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கும் பிறகு சென்னையில் மூழ்கிய கார்களின் நினைவு அவையோருக்கு இருக்கும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தால் அடிப்பகுதியில் வண்டல் கறை, சீட்டின் அடிப்போல்ட்டுகளில் துரு, வயரிங் இணைப்புகளில் பச்சைப் பூப்பு ஆகியவை அவ்வகை வண்டியின் அடையாளங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் பழைய இழப்பீட்டு விவரம் கேட்பதும், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் பழைய பதிவேட்டின் கிலோமீட்டரை இன்றைய மீட்டரோடு ஒப்பிடுவதும் வாங்குமுன் செய்ய வேண்டிய வேலைகள். பின்னால் அவையே சான்றுகளும் ஆகும்.

நுகர்வோர் சட்டத்தின் 2(47)ஆம் பிரிவில் அதிகம் பேசப்படாத ஓர் உட்பிரிவு உண்டு. குறையுள்ள பண்டத்தை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. இங்கிலாந்தின் 30 நாள் உரிமைக்கு இணையாக இந்தியச் சட்டத்தில் இருப்பது இதுதான். ‘உள்ளது உள்ளபடி, பின்னால் புகார் ஏற்கப்படாது’ என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருந்தாலும், தெரிந்தே மறைத்த பொய்க்கு அது காப்பு ஆகாது.

5. விற்றவர் யார்?

இந்தக் கேள்விக்கு விடை எளிது என்று தோன்றும். தமிழ்நாட்டுக் கன்சல்டிங் தொழிலில் அது எளிதல்ல. சிலர் காரை வாங்கித் தங்கள் இருப்பாக வைத்து விற்கிறார்கள். பலர் ‘பார்க் அண்டு சேல்’ முறையில் பழைய உரிமையாளரின் வண்டியை நிறுத்திவைத்துக் கமிஷனுக்கு விற்கிறார்கள். ரசீதே தராமல் ஆர்.டி.ஓ. படிவங்களில் மட்டும் கையெழுத்து வாங்கித் தருபவர்களும் உண்டு. வழக்கு வரும்போது, நாங்கள் வெறும் புரோக்கர், விற்றவர் படிவம் 29இல் கையெழுத்திட்ட பழைய உரிமையாளர் என்ற வாதம் வருகிறது. பழைய உரிமையாளரோ தனிமனிதர், வணிகர் அல்ல. அவர்மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது பலிக்காது. உரிமையியல் நீதிமன்றம்தான் வழி.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதி 55அ-வும் அதைத் தொடரும் விதிகளும் இங்கே பெரிதும் உதவும். பதிவுசெய்த பழைய வாகனங்களை விற்கும் டீலர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். உரிமையாளர் வண்டியை ஒப்படைத்ததும் படிவம் 29சி மூலம் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அன்று முதல் டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். எனவே அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வாங்கியவர், விற்றவர் யார் என்று தேடி அலைய வேண்டியதில்லை. மற்றவர்களிடம் வாங்குவோர், டீலரின் பெயரிலேயே ரசீது வாங்குவதும், கடன் தொகை யார் கணக்குக்குப் போனது என்ற விவரத்தை ஃபைனான்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் பெறுவதும் அவசியம். மூன்றரை லட்சம் ரூபாயை நேரே தம் கணக்கில் வாங்கிக்கொண்டவர், பிறகு தாம் வெறும் புரோக்கர் என்று சொல்வது கடினம்.

பொறுப்பு எப்போதும் உடன்படிக்கையையும் அறிவையும் தொடர்ந்தே போகும் என்பதற்கு டாடா மோட்டார்ஸ் எதிர் அன்டோனியோ பாலோ வாஸ் என்ற 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பு சான்று. 2011ஆம் ஆண்டு மாடல் புதிய காருக்குப் பணம் கட்டியவருக்கு, ஏற்கனவே 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய 2009 மாடல் தரப்பட்டது. டீலரின் செயல் தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டப்படாததால், உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளரை விடுவித்தது. பொறுப்பு டீலரிடமே நின்றது. ஃபைனான்ஸ் நிறுவனங்கள் இத்தர்க்கத்தையே தங்களுக்கும் நீட்டக்கூடும். அதற்கு எதிராக வாங்கியவர் கையில் இருக்கக்கூடிய கருவி, டீலருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கமிஷன் தொடர்பு. தொழிலில் அதற்கு ‘பேஅவுட்’ என்று பெயர். இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் கார் ஃபைனான்ஸ் கமிஷன் வழக்குகளைத் தீர்த்தபோது, டீலருக்கு வாங்குபவரின் நலம் காக்கும் தனிக் கடமை இல்லை என்றே சொன்னது. ஆனால் கடன் செலவில் 55 சதவீதம் டீலரின் கமிஷனாகப் போன ஒரு வழக்கில் மட்டும் கடன் உறவே நியாயமற்றது என்று தீர்ப்பளித்தது. இந்தியாவில் அத்தொகை வாங்குபவரின் கண்ணில் படுவதே அரிது.

6. தவணையை நிறுத்தக் கூடாது

கோபத்தில் முதலில் செய்யத் தோன்றுவது இதுதான். செய்யக் கூடாததும் இதுதான். கடன் ஒப்பந்தம் தனி என்று சட்டம் சொல்வதால், வண்டி ஓடவில்லை என்பது தவணை கட்டாததற்குக் காரணம் ஆகாது. நிறுத்திய மாதத்திலிருந்து அபராதக் கட்டணம் ஏறும், கடன் மதிப்பெண் இறங்கும், வண்டி சீஸ் செய்யப்படும் நிலை வரும். குறையை நிரூபிக்க வேண்டிய வண்டியே கைவிட்டுப் போய், ஏலத்தில் போனால் வழக்கின் முதன்மைச் சான்று அழிந்துவிடும்.

சீஸ் பற்றி உச்ச நீதிமன்றம் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறது. 2007இல் ஐசிஐசிஐ வங்கி எதிர் பிரகாஷ் கௌர் வழக்கில் அடியாட்களை வைத்து வண்டி பிடுங்குவதைக் கண்டித்தது. 2011இல் சிட்டிகார்ப் மாருதி ஃபைனான்ஸ் வழக்கில், வண்டியை எடுப்பதும் சட்டவழியில்தான் நடக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. ஆனால் 2020இல் மக்மா ஃபின்கார்ப் வழக்கில், தவணைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் கடைசித் தவணை வரை நிறுவனமே உரிமையாளர் என்றும், அறிவிப்புத் தராத குறைக்குப் பெயரளவு இழப்பீடே போதும் என்றும் சொன்னது. இந்த மூன்றாவது தீர்ப்பைப் படித்தவர் யாரும் தவணையை நிறுத்தத் துணியமாட்டார். வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு அறிவுறுத்தல் தொல்லையைக் குறைக்கும்; கடனைக் குறைக்காது.

செய்ய வேண்டியது, எதிர்ப்பைப் பதிவுசெய்துவிட்டுக் கட்டுவது. பழுது பற்றி டீலருக்கு அனுப்பும் பதிவுத்தபாலின் நகலை ஃபைனான்ஸ் நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். கட்ட இயலாத நிலை என்றால், நுகர்வோர் ஆணையத்தில் புகாரோடு 38(8)ஆம் பிரிவின்கீழ் இடைக்கால ஆணை கேட்கலாம். ஆணை கைக்கு வரும்வரை டியூ நிற்கக்கூடாது.

7. ஆணையத்தின் வாசலில்

வீட்டுக்காக வாங்கியவர் நுகர்வோர் என்பதில் ஐயமில்லை. தவணையில் வாங்கியவரும் நுகர்வோரே என்று சட்டத்தின் வரையறையே சொல்கிறது. டாக்ஸி ஓட்ட வாங்கியவர்? கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நிறுவனத்துக்கு எதிராக லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் தந்த விளக்கப்படி, தாமே ஓட்டிப் பிழைப்பதற்காக வாங்கியவர் நுகர்வோர். நான்கு கார் வாங்கி டிரைவர் வைத்து ஓட்டுபவர் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

பண்டத்துக்குத் தந்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புப் பிரிவு இருந்தாலும் ஆணையத்தின் கதவு அடைபடாது என்பது எமார் எதிர் அஃப்தாப் சிங் வழக்கில் 2018இல் உறுதியானது. கடன் நிறுவனத்தின் சேவைக் குறை மட்டும் என்றால், நிறுவனத்துக்கு எழுதி 30 நாளில் பதில் வராதபோது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் செல்லலாம். ஒப்பந்தமே நியாயமற்றது என்ற புகாரை மாவட்ட ஆணையம் ஏற்காது. அது மாநில ஆணையத்துக்கு உரியது.

வழக்குகள் தோற்பது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, சான்றால். இங்கிலாந்தின் ஆறுமாத அனுமானம் இங்கே இல்லை. குறை வாங்கும்போதே இருந்தது என்று வாங்கியவர்தான் காட்ட வேண்டும். வண்டி நின்றதும் தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டு இன்ஜினைப் பிரித்துவிட்டால், பிரித்தவர்தான் கெடுத்தார் என்ற பதில் தயாராக இருக்கும். மீட்டரைப் படமெடுத்து, டீலரை நேரில் பார்க்க எழுத்தில் அழைத்து, அவர் வராவிட்டால் அதையும் பதிவுசெய்து, வாகனத்தில் தேர்ந்த ஒருவரின் அறிக்கை பெற்ற பிறகே கழற்ற வேண்டும். 38(2)ஆம் பிரிவின்கீழ் வண்டியை வல்லுநர் ஆய்வுக்கு அனுப்பும்படி ஆணையத்தையும் கேட்கலாம். ஆய்வுக் கட்டணத்தைப் புகார்தாரர் முதலில் கட்ட வேண்டியிருக்கும். ஆய்வு தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் காலத்தை நம்பித் திட்டமிடுவது விவேகமல்ல.

கேட்கும் பரிகாரத்தை எழுதுவதில்தான் தவணை வழக்கு மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. விலையைத் திருப்பித் தா என்று மட்டும் கேட்டு வென்றவர், பணம் கையில், கடன் தலையில், எச்.பி. ஆர்.சி.யில், ஓடாத வண்டி வாசலில் என்று நிற்பார். டீலர் முதலில் கடன் பாக்கியை நிறுவனத்துக்குக் கட்டி முடிக்க வேண்டும். நிறுவனம் படிவம் 35 தந்து எச்.பி.யை நீக்க வேண்டும்; முன்பணமும் கட்டிய தவணைகளும் வட்டியோடு வாங்கியவருக்குத் திரும்ப வேண்டும்; வண்டியும் பதிவும் டீலர் பெயருக்கு மாற வேண்டும் என்று வரிசையாகக் கேட்க வேண்டும். இதற்காகவே ஃபைனான்ஸ் நிறுவனத்தை இரண்டாம் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது தேவை. பழுதுக்கு அது பொறுப்பில்லை என்றாலும், ஆணை அதையும் கட்டுப்படுத்த வேண்டும்.

8. மாற வேண்டியது

1972இன் சட்டத்தை அப்படியே உயிர்ப்பிப்பது இன்று பயன்தராது. தவணைக் கொள்முதல் முறையே பெரிதும் வழக்கொழிந்துவிட்டது. வேண்டியது ஒரு சிறு திருத்தம். டீலரோடு ஏற்பாடு வைத்து, டீலரின் கடையிலேயே கடன் தந்து, பணத்தை நேரே டீலருக்கு அனுப்பும் நிறுவனம், கடன் தொகை அளவுக்கேனும் விற்பனையின் குறைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்த்தால் போதும். அப்படியானால் எந்த டீலரின் வண்டிக்குக் கடன் தரலாம் என்று நிறுவனங்களே தரம் பார்க்கத் தொடங்கும். அந்த ஆய்வைச் செய்யும் வலு தனி வாங்குபவருக்கு இல்லை; நிறுவனங்களுக்கு உண்டு. கடன் விலை சற்று ஏறும் என்ற எதிர்வாதம் நியாயமானதே. அந்த ஏற்றம் எல்லா வாங்குபவர் மீதும் பரவும் சிறு தொகை. இன்றைய நிலையில் முழு நஷ்டமும் பழுதான வண்டி வாய்த்த ஒருவர் தலையில் இறங்குகிறது.

அதுவரை, வழக்குத் தொடர வாங்கியவருக்குள்ள காலம் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.